மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓட ஆரம்பிக்கும் யாருக்கும் முதல் பயம் மூச்சைப் பற்றியதாகத்தான் இருக்கும். இரண்டு தெரு தாண்டுவதற்குள் நெஞ்சை அடைக்கும், நாக்கு வறளும், அப்படியே நின்றுவிட வேண்டியதுதான் என்று நானும் நினைத்திருந்தேன். பள்ளியில் ஒரு விளையாட்டுக்கும் பெயர் கொடுக்காமல், நாற்பதைத் தாண்டிய பிறகு ஓட வந்த பெண் நான். ஆனால் மூச்சு சில வாரங்களிலேயே வழிக்கு வந்துவிட்டது. காக்க வைத்தவை வேறு: எலும்பு, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், பாதம், தோல், நகம். உடம்பின் ஒவ்வொரு பாகமும் ஓட்டத்துக்குப் பழகத் தனித்தனி அவகாசம் கேட்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட பிறகு, ஓட்டத்தில் எனக்கு வியப்பாகத் தெரிந்த பலவற்றுக்கும் விளக்கம் கிடைத்தது.

என்னை ஓடக் கூட்டிப் போனவள் என் தங்கை. அவள் பல வருடமாக ஓடுகிறவள். ஷூ, வேகம், தூரம் என்று எதையும் பற்றி முதலில் அவள் பேசவில்லை.

"அக்கா, பேசிக்கிட்டே வா."

"ஓடும்போது எப்படிடி பேசுறது?"

"பேச முடியலேன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். குறைச்சுக்கோ. இன்னும் கொஞ்சம் குறை."

அவள் காட்டிய வேகத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது, விறுவிறுவென்று நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களுக்கு இணையாகவே வந்துகொண்டிருந்தார். இதற்கு ஓட்டம் என்று பெயரா என்று கேட்டேன். "ஒரு கணமாவது ரெண்டு காலும் தரையை விட்டு எழும்புதில்ல? அப்போ ஓட்டம்தான்" என்றாள். நடையில் எப்போதும் ஏதாவது ஒரு பாதம் தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பாதமும் காற்றில் இருக்கும் ஒரு சிறு இடைவெளி உண்டு. வேகத்துக்கு அதில் பங்கே இல்லை.

பேசிக்கொண்டு ஓடுவதில், மூச்சு எங்கே குறுக்கிடுகிறது என்று கவனிக்கப் பழகினேன். சுகமான வேகத்தில் ஒரு நீளமான வாக்கியத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு வாங்கத் தோன்றும். சற்றுக் கூடினால் வாக்கியத்தின் நடுவிலேயே ஒருமுறை நிறுத்தி இழுக்க வேண்டியிருக்கும். இன்னும் கூடினால் "ம்", "ஆமா", "சரி" என்று ஒற்றைச் சொற்கள்தான் மிஞ்சும். உடற்பயிற்சி ஆய்வாளர்கள் இதைப் பேச்சுச் சோதனை என்கிறார்கள். முகமூடி மாட்டி மூச்சுக்காற்றை அளந்து ஆய்வகத்தில் கண்டுபிடிக்கும் எல்லையோடு இந்த எளிய சோதனை பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அதோடு ஒப்பிட்டால், 220-லிருந்து வயதைக் கழித்து அதிகபட்ச இதயத் துடிப்பைக் கணக்கிடும் சூத்திரம் நம்பகம் குறைந்தது. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குள் நிமிடத்துக்கு 10, 20 துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். கைக்கடிகாரம் சிவப்பு காட்டும்போது நான் நிம்மதியாகக் கதை பேசிக்கொண்டிருந்தால், பேச்சைத்தான் நம்புகிறேன்.

மெதுவாக ஓடுவது ஏதோ தொடக்கக்காரர்களுக்குக் கொடுக்கும் சலுகை என்று முதலில் தோன்றியது. அப்படி இல்லை என்று தெரிந்தபோது உண்மையிலேயே அசந்துபோனேன். கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபரில் வியன்னாவில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். கிலோமீட்டருக்குச் சுமார் 2 நிமிடம் 50 விநாடி. அவ்வளவு வேகம் உள்ளவரின் பயிற்சியிலும் பெரும்பகுதி அந்த வேகத்துக்கு வெகு கீழேதான் நடக்கிறது. நார்வேயில் பணிபுரியும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் நெடுநேர விளையாட்டுகளில் முதல் வரிசையில் இருப்பவர்களின் பயிற்சியை ஆராய்ந்து, அதில் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்த தீவிரத்தில், அதாவது பேசிக்கொண்டே செய்யக்கூடிய அளவில் இருப்பதைக் காட்டினார். உலகின் மிக வேகமான கால்களுக்கே இந்த விகிதம் என்றால், நேற்று ஷூ வாங்கியவர் தினமும் மூச்சிரைக்க ஓடி என்ன பயன்?

இந்தப் பொறுமைக்கு ஒரு வரலாறும் உண்டு. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல், மரே ஹால்பெர்க் இருவருக்கும் பயிற்சியாளர். அவரே பின்னர் ஆக்லாந்தில் நடுவயதுக்காரர்களையும் இதய நோய் வந்து மீண்டவர்களையும் கூட்டமாக மெதுவாக ஓட வைத்தார். 1962-ன் இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் போவர்மன் அங்கே விருந்தாளியாகப் போனார். அந்தக் கூட்டத்தோடு ஓடிப் பார்த்தார்; தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த, மாரடைப்பு கண்ட ஒருவரோடு ஈடுகொடுக்கத் திணறினார். ஊர் திரும்பியதும் ஓரிகனில் பொதுமக்களுக்கு ஜாகிங் வகுப்பு தொடங்கினார். இன்று உலகம் முழுக்கக் காலையில் தெருவில் ஓடும் சாதாரண மனிதர்களின் வம்சாவளியில் அந்த ஆக்லாந்து இதய நோயாளிகள் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஓட்டம் இளைஞர்களின் சொத்து, ஆரோக்கியசாலிகளின் சொத்து என்ற எண்ணத்தையே அது கலைத்துப்போடுகிறது.

ஓட்டத்தில் நடக்கலாம் என்பதும் எனக்குப் புதிது. 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற இளைஞர், ஐம்பதைக் கடந்த தன் அம்மாவைப் போன்றவர்களை மனதில் வைத்து ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை எழுதினார். சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் வரை என்பதுதான் அதன் கருத்து. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி இருபது நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், அவ்வளவுதான். ஓட்டத்தை விட நடை அதிகம். நாங்களும் அந்த அளவில்தான் தொடங்கினோம். அந்த 60 விநாடி முடியும்போது 'இன்னும் கொஞ்சம் ஓடலாமே' என்று மனம் துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்பு மிச்சமிருக்கும்போதே நிறுத்துவதுதான் மறுநாளுக்கும் நம்மைக் கூட்டிப்போகிறது.

அடுத்து, முதல் பத்து நிமிடம். இதைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். எத்தனை மாதம் ஓடினாலும் முதல் பத்து நிமிடம் சுகமாக இருப்பதில்லை. கால் இரும்பாகக் கனக்கும், மூச்சு தாளத்துக்கு வராது, இன்றைக்கு வேண்டாம் என்று மனம் காரணம் தேடும். இதற்குக் காரணம் மனஉறுதிக் குறைவு இல்லை, உடலியல்தான். ஓடத் தொடங்கியதும் தசைகளுக்கு உடனே ஆற்றல் வேண்டும். ஆனால் இதயம் வேகமெடுத்து, ரத்தக் குழாய்கள் விரிந்து, தேவைக்கு ஏற்ற ஆக்சிஜன் தசைக்குப் போய்ச் சேரச் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியை உடம்பு ஆக்சிஜன் தேவையில்லாத வழியில் சமாளிக்கிறது. அதைத்தான் நாம் இரைப்பாகவும் கனமாகவும் உணர்கிறோம். தசைகள் சூடேறி இளக இன்னும் சற்று நேரம் பிடிக்கும். பத்தாவது நிமிடத்துக்கு மேல் அதே பாதையில், அதே காலில், வேறு ஆள் ஓடுவது போலிருக்கும். அரை நிமிடம் ஓடிப் பார்த்துவிட்டு 'எனக்கு ஓட்டம் சரிப்படாது' என்று முடிவு கட்டிய எத்தனையோ பேர், சுகமான பகுதி தொடங்குவதற்கு முன்பே திரும்பிப் போனவர்கள். கொஞ்சம் நடந்துவிட்டு ஓட்டத்தைத் தொடங்குவது அதனால்தான் அவ்வளவு உதவுகிறது.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன்.

தொடர்ந்து ஓட ஆரம்பித்தால் முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடத் தொடங்குகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. அடுத்த சில வாரங்களில் தசை செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன. ஒரு மாதத்தில் மூச்சு இலகுவாகிவிடுகிறது. மாடிப்படி ஏறும்போதே அது தெரியும். தசைநாண்கள் அப்படி இல்லை. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு. சுமைக்கு ஏற்ப உறுதிப்பட மாதக்கணக்காகும். எலும்போ இன்னும் விசித்திரமானது. புதிய சுமை விழும்போது, பழைய எலும்பை அரித்தெடுக்கும் வேலைதான் முதலில் நடக்கிறது. அதற்குச் சில வாரம். அந்த இடத்தில் புதிய எலும்பை நிரப்பி இறுக்கும் வேலைக்கு மூன்று மாதம் வரை தேவைப்படும். அதாவது ஓட ஆரம்பித்த சில வாரங்களில், மூச்சு 'இன்னும் போகலாம்' என்று சொல்லும் அதே சமயத்தில், எலும்பு வழக்கத்தை விடச் சற்றுப் பலவீனமாக இருக்கக்கூடும்.

அந்தச் சுமை எவ்வளவு என்று பார்த்தால் எலும்பின் பக்கம் நியாயம் புரியும். ஓட்டத்தில் ஒவ்வொரு பாதம் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 165 காலடி என்று வைத்தால் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 5000 காலடி. இந்த உண்மையை முதலில் கண்டவர்கள் ஓட்டக்காரர்கள் அல்ல, ராணுவ மருத்துவர்கள். 1855-லேயே பிரஷ்யப் படையின் மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட 1895-க்குப் பிறகுதான் அந்த வீக்கத்துக்குள் இருப்பது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசல் என்று தெரிந்தது. படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் அது அதிகம் வந்தது. புதிதாக ஓடுபவர்களுக்கும் அதே காலக்கணக்குத்தான்.

எனக்கு முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உள்விளிம்பில் வலி வந்தது. ஓட்டக்காரர்கள் ஷின் ஸ்பிளிண்ட் என்று சொல்வார்கள். நான் பார்த்த பிசியோதெரபி மருத்துவர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அந்த விளிம்பைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போனார். "இங்க வலிக்குதாம்மா? இங்க? இங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கையகலத்துக்கு நீண்டு எங்கு தொட்டாலும் மந்தமாக வலித்தது. "பரவலா வலிக்குது, நல்லது. ஒரே ஒரு புள்ளியைத் தொட்டதும் துள்ளிக் குதிச்சிருந்தீங்கன்னா உடனே ஸ்கேன் எழுதியிருப்பேன்" என்றார். பரந்த வலி, எலும்பைச் சுற்றியுள்ள உறையும் தசையும் சுமை தாங்காமல் முனகுவது. ஓட்டத்தைக் குறைத்தால் ஆறிவிடும். விரல்நுனி அளவு ஓரிடத்தில் குத்தும் வலி, ஓடாதபோதும் ராத்திரியிலும் வலிப்பது, நொண்டவைப்பது, இவையெல்லாம் விரிசலின் அடையாளமாக இருக்கலாம்; அதோடு ஓடவே கூடாது. இந்த வித்தியாசத்தைப் புதிதாக ஓடும் ஒவ்வொருவருக்கும் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுவதை வீரம் என்று புகழும் பேச்சு மிகவும் ஆபத்தானது.

மறுநாள் வரும் தசைவலி வேறு ரகம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஓடிய அன்று ஒன்றும் இருக்காது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்கும்போது தொடை கெஞ்சும். ஏறும்போது அவ்வளவு இல்லை, இறங்கும்போதுதான். ஏனென்றால் சுமையைத் தாங்கியபடியே நீளும் தசைக்குத்தான் இந்த நுண்காயம் அதிகம். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வரும் வலி என்று பலரும் சொல்வார்கள். அந்த அமிலம் ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. இரண்டு நாள் கழித்து வலிக்கவைக்க அது அங்கே இருப்பதில்லை.

தோலும் நகமும் மூக்கும் செய்யும் சேட்டைகள் தனி. மூக்கு ஒழுகும், வேகமாக உள்ளே போகும் காற்று மூக்கின் உள்தோலைச் சீண்டுவதால் பலருக்கும் வருவது. தொடையில் அரிப்பு எடுக்கும்: நெடுநாள் வேலையற்றிருந்த நுண்குழாய்கள் திடீரென்று விரிவதும் அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருள் சுரப்பதும் காரணம், பழகப் பழகக் குறையும். அதோடு தடிப்போ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் மட்டும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பருத்தித் துணி வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு தொடையிடுக்கையும் அக்குளையும் அறுத்துவிடும். குளிக்கும்போதுதான் எரிச்சல் தெரியும். வாசலின் தடவிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

நகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஓடும்போது பாதம் வீங்கி, ஷூவுக்குள் முன்னோக்கிச் சறுக்கி, பெருவிரல் நகம் முன்சுவரில் ஆயிரக்கணக்கான தடவை இடிக்கிறது. அடியில் ரத்தம் கட்டி நகம் கறுத்துவிடும். கறுத்த நகம் விழுந்து புதிதாக முழு நகம் வளர 12 முதல் 18 மாதம் ஆகலாம். நான் சொன்ன தனித்தனி அவகாசங்களில் இதுதான் மிக நீளமானது. விரல்நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டு ஷூ எடுப்பது ஒரு பாதி. மறுபாதி லேஸில் இருக்கிறது. ஓட்ட ஷூக்களில் கணுக்காலை ஒட்டி, மேலே கடைசியாக ஒரு கூடுதல் துளை இருக்கும். வெகுகாலம் அது எதற்கென்றே எனக்குத் தெரியாது. லேஸை அதே பக்கத்திலேயே அந்தத் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் ஒரு சிறு வளையம் விட வேண்டும். பிறகு இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும், வலதை இடதுக்குள்ளும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போட வேண்டும். குதிகால் பின்னால் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். பாதம் முன்னால் சறுக்காது. விரல்களுக்கு மேலே தளர்வாகவே விட்டுவிடலாம். தங்கை என் காலடியில் உட்கார்ந்து இதைக் கட்டிக்காட்டினாள். அன்றைக்கு ஓடிய ஓட்டம் வேறு மாதிரி இருந்தது.

பெண்களுக்கு இன்னும் சில உண்டு. அவற்றைச் சத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். முதலாவது ஸ்போர்ட்ஸ் பிரா. ஷூவுக்கு யோசிப்பது போல் இதற்கும் யோசிக்க வேண்டும். மார்பு வலி காரணமாகவே ஓட்டத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். ஓட்டத்துக்கென்றே செய்த முதல் பிராவை 1977-ல் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள்தான் உருவாக்கினார்கள். ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் இரண்டு உள்ளாடைகளைச் சேர்த்துத் தைத்ததுதான் அதன் முதல் வடிவம். அவ்வளவு தாமதமா என்று தோன்றினால் இதையும் பாருங்கள்: 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள்; பெண்ணுடம்பு அதைத் தாங்காது என்று சொல்லி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள், 1960-ல்தான் திரும்ப வந்தது. பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984-ல். அதில் வென்ற ஜோன் பெனாய்ட் எடுத்துக்கொண்டது 2 மணி 24 நிமிடம் 52 விநாடி.

இரண்டாவது, ஓடும்போது சிறுநீர் கசிவது. பிள்ளை பெற்ற எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது. ஒருவரும் வாய் திறப்பதில்லை. சங்கடப்பட்டு ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறார்கள். இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்ததால் வருவது இது. அதற்கென்று பயிற்சிகள் இருக்கின்றன, அந்தத் துறையில் தேர்ந்த பிசியோதெரபி மருத்துவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். பிரசவத்துக்குப் பின் ஓட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது 12 வாரமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். என்னோடு ஓடும் ஒரு தோழி இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பேர் "எனக்கும்தான்" என்றார்கள். அதற்கு முன்பு அந்த மூன்று பேரும் தங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எடை குறையும் என்று நம்பி ஓட வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டத்தில் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கலோரி. 60 கிலோ உள்ளவர் 3 கிலோமீட்டர் ஓடினால் 180 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது சுமார் 7700 கலோரி. கணக்குப் போட்டால் அப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட ஓட்டம் வேண்டும், அதுவும் கூடுதலாக ஒரு வாய் சாப்பிடாமல். பசியோ கூடவே வருகிறது. தொடக்கத்தில் எடை ஏறுவதும் உண்டு: தசைகள் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பைக் கூடுதலாகச் சேமிக்கின்றன, ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவுக்கு நீரும் சேர்கிறது, ரத்தத்தின் நீரும் கூடியிருக்கிறது. எடை இயந்திரத்தை மட்டும் பார்த்து ஓட்டத்தை அளந்தால், உடம்புக்குள் நடக்கும் நல்ல மாற்றங்களையே தோல்வி என்று படித்துவிடுவோம். ஓய்வாக இருக்கும்போது இதயத் துடிப்பு குறைவதைக் கவனியுங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினால் போதும்.

ஓடுகிறேன் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மூட்டு தேஞ்சு போயிடாதா?" நானும் பயந்திருந்தேன். 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் மட்டும் 13.3. மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் ஓடவே வருகிறார்கள் என்ற வாதமும் உண்டு, அதை ஒதுக்க முடியாது. ஆனாலும் நம்மைப் போல் அளவாக ஓடுகிறவர்களின் மூட்டை ஓட்டம் அழிக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கு இடம் தரவில்லை. மூட்டில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள், இதயக் கோளாறோ நெஞ்சுவலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவதே சரி.

மனதுக்கு என்ன ஆகிறது? ஓடினால் ஒரு பரவசம் வரும் என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருந்தேன். வலியை மட்டுப்படுத்த உடம்பே தயாரிக்கும் எண்டார்பின் சுரப்பதால் என்று விளக்கமும் சொல்வார்கள். ஆனால் ரத்தத்தில் ஓடும் எண்டார்பின் பெரிய மூலக்கூறு. மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில் 63 பேரை, எண்டார்பின் வேலைசெய்யும் வாயில்களை அடைத்துவிடும் மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் ஓடவைத்தார்கள். மருந்து கொடுத்தபோதும் மகிழ்ச்சி கூடியது, பதற்றம் குறைந்தது. உடம்பே தயாரிக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற வேறு பொருட்கள் மீதுதான் இப்போது ஆய்வாளர்களின் கவனம். எனக்கு அப்படிப் பெரிய பரவசம் எதுவும் ஓட்டத்தின் நடுவே வந்ததில்லை. வந்தது வேறு: ஓடி முடித்த பிறகு பல மணி நேரத்துக்குக் கோபம் சட்டென்று ஏறுவதில்லை. இதை நானே கவனிப்பதற்கு முன்பு என் மகள் கவனித்துச் சொன்னாள். "இன்னிக்கு ஓடலையாம்மா?" என்று அவள் கேட்டால், என் குரல் உயர்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்வேன்.

காய்ச்சலாலோ வேலையாலோ இரண்டு வாரம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதிலும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. முதலில் வந்தது முதலில் போகிறது. பிளாஸ்மா அளவு சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். திரும்ப ஓடும் அன்று மூச்சு இரைக்கும், எல்லாம் போச்சே என்று தோன்றும். ஆனால் மாதக்கணக்கில் கட்டிய எலும்பும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் கலைவதில்லை. மூச்சும் வந்த வழியே சில வாரத்தில் திரும்பிவிடுகிறது. கனடாவின் எட் விட்லாக் முழங்கால் வலியால் மாதக்கணக்கில் ஓடாமலிருந்து, பிறகு திரும்ப வந்தவர்; வீட்டுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி மணிக்கணக்கில் மெதுவாக ஓடுவதே அவருடைய பயிற்சி. 2004-ல், 73 வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தார்.

கடைசியாக மனிதர்கள். ஓட்டக்காரர்கள் என்றால் மெலிந்த, வேகமான, அடுத்தவரைத் திரும்பிப் பார்க்காத கூட்டம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹியூவிட் 13 ஓட்டக்காரர்களோடு தொடங்கிய சனிக்கிழமை ஓட்டம், பார்க்ரன் என்ற பெயரில் இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடந்தும் வரலாம். அதில் ஒரு ஏற்பாடு உண்டு: எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். அதனால் வந்தவர்களில் யாரும் கடைசி ஆளாக முடிப்பதே இல்லை. எங்கள் ஓட்டக் குழுவும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு முன்னால் வந்த பெண் தொடங்கிய சில நிமிடத்திலேயே, "என்னால முடியலக்கா, நீங்க போங்க, நான் திரும்பிடறேன்" என்றாள். "பத்து நிமிஷம் ஆகட்டும்மா, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன். பேசிக்கொண்டே போனோம்; பெரும்பாலும் அவள்தான் பேசினாள். வரும் சனிக்கிழமை தன் மாமியாரையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.